சிறகு வைத்த கண்டக்டர்

1

நான் தேவதையாகி இந்தச் சனிக்கிழமையோடு ஒரு வருடம் முடிகிறது. எங்கள் ஊர் பரவையில் இதைப் படிக்கிறவர்கள் ஓடிப்போய் என் அக்காவிடம் சொல்ல வேண்டாம், அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆளைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். முன் வழுக்கை, தொப்பை, மாடிப்படி ஏறினால் முழங்காலில் கடகடவென்று ஒரு சத்தம். இந்த லட்சணத்தில் முதுகில் இரண்டு சிறகு வேறு.

இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் இருக்கிறோம். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடக்கும். தாயக்கட்டமும் இல்லை, காயும் இல்லை. சுற்றி உட்கார்ந்து வாயாலேயே விளையாட வேண்டும். ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். கதவு திறந்ததா, ஓடினவன் தப்பித்தானா என்பதை ஒரு பகடை முடிவு செய்யும். இந்தக் கதையில் எல்லோரும் தேவதைகள். காட்டில் திரிகிற பழைய காலத்துத் தேவதைகள் இல்லை. செல்போன் வைத்துக்கொண்டு, வாடகை கட்டிக்கொண்டு, சிறகைச் சட்டைக்குள் மடித்து ஒளித்து மனிதர்களோடு மனிதர்களாகப் பிழைக்கிற இந்தக் காலத்துத் தேவதைகள்.

கதையை நடத்துகிறவள் என் மகள் கயல், வயது பதினான்கு. விளையாடுகிறவர்கள் அவளுடைய பள்ளித் தோழர்கள் ஹன்னாவும் இம்ரானும். மூன்றாவதாக இருந்த பையன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். மூன்று பேர் இல்லாமல் ஆட்டம் நடக்காதாம். சீட்டு விளையாட ஒரு கை குறைந்தால் வாசலில் நிற்கும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்களே, அப்படித்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, சும்மா உக்காந்தாப் போதும். டைஸ் மட்டும் போடுங்க. ஜோக் சொல்லக் கூடாது."

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

2

இந்த நாட்டுக்கு நான் வந்த கதையும் ஏறக்குறைய இதேதான். இவர்களுக்குத் தேவைப்பட்டது நர்ஸ்கள். என் மனைவி செல்வி நர்ஸ். அவளுடைய பயணப் பெட்டிகளோடு ஒரு பெட்டியாக நானும் வந்து சேர்ந்தேன். என் பாஸ்போர்ட்டில் 'மனைவியைச் சார்ந்தவர்' என்கிற அர்த்தத்தில் முத்திரையே குத்திக் கொடுத்தார்கள். மதுரை செல்லூரில் நான் விசைத்தறிப் பட்டறைகளுக்கு மின்சார வேலை பார்த்தவன். தறி நின்றால், "அண்ணே, சீக்கிரம் வாங்கண்ணே" என்று வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நிற்கும். இங்கே முதல் வருடம் முழுக்க என்னைத் தேடி வந்தவர் தபால்காரர் மட்டும்தான். அவரும் செல்வியின் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டினார். அப்புறம் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே எனக்கும் சுவிட்ச் போர்டு பார்க்கிற வேலை கிடைத்தது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. என் பெயர் முத்துராசு. அப்பா பெயர் கருப்பையா. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அது எப்படியோ குடும்பப் பெயராகிவிட்டது. வங்கியிலும் வேலையிடத்திலும் பல் டாக்டரிடமும் நான் 'மிஸ்டர் கருப்பையா'. திருத்தச் சொல்லி அலைந்து பார்த்தேன். ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டியது, கடைசி அலுவலகம் முதலாவதைக் கை காட்டியது. அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல்முறை மருத்துவமனை ஒலிபெருக்கியில் "மிஸ்டர் கருப்பையா" என்று கூப்பிட்டபோது நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். அப்பா செத்துப் பல வருடமாகிறது. உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு 'ஏ' தவிர யாரும் எதையும் சேர்த்ததில்லை.

கயல் இங்கே வரும்போது ஒன்பது வயது. முதல் வருடம் பரவைக்குப் போக வேண்டும் என்று அழுதாள். இரண்டாம் வருடம் அழுகை நின்றது. அதற்கப்புறம் கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஆங்கிலத்தில். அந்த நாள் பேச்சை இங்கே தமிழாக்கி எழுதுவது நான்தான். போன வருடம் என் அக்கா பாண்டியம்மாள், அவள் மகள் ராணிக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாள். நான் தாய்மாமன், நான் இல்லாமல் பந்தக்கால் நட மாட்டாள். "ஆவணியில வைக்கலாம்டா, புள்ளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. கயலும் வாரேன்னு சொன்னாத்தான் நாள் குறிப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

கயலிடம் சொன்னேன். காதிலிருந்து பாட்டுக் கேட்கும் கம்பியை எடுக்காமலே, "நான் வரல. ஹன்னா வீட்ல இருந்துக்கறேன். உங்க ஊர்ல நான் என்ன பண்ணப் போறேன்?" என்றாள்.

"வயசு அப்படிங்க, விடுங்க" என்றாள் செல்வி. விட முடியவில்லை. உங்க ஊராம்! இந்த நிலைமையில்தான் சனிக்கிழமை அழைப்பு வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசப்போகிற மூன்று மணி நேரம். தேவதை என்ன, கொள்ளிவாய்ப் பிசாசாகக்கூட உட்கார்ந்திருப்பேன்.

3

தேவதைகளுக்கு விதிகள் உண்டு. பொய் சொல்லக் கூடாது. இரும்பைத் தொடக் கூடாது, தொட்டால் பொசுங்கிவிடும். இன்னொருவர் வீட்டில் எதையாவது தின்றாலோ குடித்தாலோ அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அப்படி ஆகிவிட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே.

"மனிதர்களுக்கு நடுவில் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாள் கயல். ஹன்னா பூக்கடைக்காரி. இம்ரான் வீடியோ கடையில் வேலை. நான் யோசிக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். தோளில் தோல் பை, வாயில் விசில், ஒற்றைக் காலில் படிக்கட்டு.

"டவுன் பஸ் கண்டக்டர்" என்றேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். இம்ரான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான், பஸ் எதில் செய்தது என்று.

படித்தது மின்சாரம், பிழைத்தது இரும்போடு. ஆனால் பஸ் இரும்பு என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. மாற்றிக்கொள்கிறேன் என்றேன். எழுதியதை மாற்றக் கூடாது என்றாள் கயல். வேண்டுமானால் கம்பியைப் பிடிக்காமல் நின்று வேலை பார்க்கலாம், ஒவ்வொரு திருப்பத்திலும் பகடை போட்டு விழாமல் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டும். எனக்குப் பகடை ராசி கிடையாது. மற்றவர்கள் எதிரியோடு சண்டை போட்டு அடிபட்டார்கள். நான் செல்லூர்த் திருப்பத்தில் விழுந்து அடிபட்டேன்.

ஆமாம், செல்லூர்தான். கதை நடந்தது மதுரையில். பாசத்தில் தேர்ந்தெடுத்தாள் என்று நான் உச்சி குளிர்ந்ததுதான் மிச்சம். லீட்ஸில் வைத்தால் 'அந்தத் தெருவில் மீன் கடையே இல்லை' என்று ஹன்னாவும் இம்ரானும் சண்டைக்கு வருகிறார்களாம். மதுரை என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, எதிர்த்துப் பேச ஆளில்லை. அதனால் மதுரை.

எதிர்த்துப் பேச நான் இருந்தேனே! கேட்டாலும் கேட்காவிட்டாலும் எடுத்து விட்டேன். செல்லூர்ச் சந்துகளில் தேவதைகள் தாராளமாகச் சிறகடிக்கலாம், தறி ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்றேன். கயல் நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டாள். நான் சொன்ன ஒன்றை அவள் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் போதை தலைக்கேறி, அடுத்த வாரம் வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த வாரம் எல்லோர் முன்னாலும் அவள் அறிவித்தாள்: "வைகைல தண்ணி இல்ல. பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. பொய் சொன்னதுக்கு அப்பாவுக்கு ஒரு சிறகு கட்."

யார் சொன்னது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டாள்.

4

அந்த நாட்களில் என் போன் கார்டு வேகமாகத் தீர்ந்தது. இம்ரானின் மாமா கடையில் வாங்குகிற கார்டுதான். பின்பக்கம் சுரண்டினால் நம்பர் இருக்கும், அதை அழுத்தி ஊருக்குப் பேசலாம். அக்காவிடம் பத்து நிமிடம் பேசுவதற்குள் அறுந்துபோகிறது. நான் கடைக்குப் போய், கார்டில் மோசடி நடக்கிறது என்று அந்த நல்ல மனிதரிடம் சத்தம் போட்டேன். அவர் பாவம், வேறொரு கார்டு கொடுத்து அனுப்பினார். அதுவும் தீர்ந்தது.

மறுநாள் அக்காவே போட்டு உடைத்தாள். அவளுக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை. அங்கே கத்திக் கத்தி வியாபாரம் செய்து, போனிலும் அதே குரல்தான்.

"ஏன்டா தம்பி, உம் மக வாரா வாரம் போன் போட்டு, பாழுங்கெணறு எங்க இருக்கு, பெரிய வீடு எது, புளியமரம் எம்புட்டு ஒசரம்னு கேக்குறா. எடம் கிடம் வாங்கப் போறீகளா?"

"இல்லக்கா, அது ஒரு வெளையாட்டு. எல்லாரும் தேவதையா இருக்கணும்."

"நீயுமா?"

"ஆமா."

"நீ என்னவா இருக்க?"

"கண்டக்டரு."

அக்கா குரலை இறக்கி மெதுவாகக் கேட்டாள்.

"அங்க குளிரு ரொம்ப அதிகமோ?"

என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. என் மகள் என்னிடம் கேட்காமல் அவளாக நம்பரை அழுத்தி, அவளாக அத்தையோடு தமிழில் பேசியிருக்கிறாள். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு கார்டாக வாங்கினேன். ஊருக்கு வருகிறாயா என்று மட்டும் கயலிடம் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளுமோ என்று பயம்.

5

நோன்பு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கதை உச்சத்துக்கு வந்திருந்தது. தேவதைகளின் எதிரி ஒருவன் ஹன்னாவின் சிறகைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். பரவைக்குப் பக்கத்துச் சமயநல்லூரில் ஒரு பெரிய வீட்டில் அவன் மனிதனாக வாழ்கிறான். நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டுக்குப் போய், எதையும் தின்னாமல் குடிக்காமல் பேசிச் சிறகை மீட்டு வர வேண்டும்.

எனக்கு அன்றைக்கு நல்ல திமிர். "இந்த விதியெல்லாம் எங்களுக்குப் புதுசில்லை" என்று ஹன்னாவுக்கும் இம்ரானுக்கும் பாடம் எடுத்தேன். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால், சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எத்தனை முறை உபசரித்தாலும், எப்படி நயமாகத் தட்டிக் கழிப்பது என்பதில் நாங்கள் கரை கண்டவர்கள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன்.

கயல் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரனாக எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். வந்தது என் அக்காவின் குரல்.

"வாங்க, வாங்க. இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. மொதல்ல ஒக்காருங்க, ஒரு வா சாப்புட்டுட்டுப் பேசுவோம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஹன்னாவுக்கும் இம்ரானுக்கும் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பிஸ்கட் தட்டை நீட்டினாள். முதலில் சிறகைக் கொடு என்றாள் ஹன்னா. நான் நோன்பு என்றான் இம்ரான். பொய் சொன்னால் தண்டனை என்று கயல் ஆரம்பித்தாள், ஆனால் அவன் நிஜமாகவே நோன்புதான், ஒன்றும் செய்ய முடியவில்லை. என் முறை வந்தது. "இல்லைங்க, பேச்சு முடியட்டும், அப்புறமா கை நனைச்சுக்கிருவோம்" என்று நான் மீசையைத் தடவினேன்.

கயல் சமையலறைக்குப் போனாள். செல்வி ஊரிலிருந்து கொண்டுவந்த செம்பில் தண்ணீர் நிரப்பி எடுத்து வந்தாள். இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினாள்.

"சாப்புட வேணாம். வெயில்ல வந்திருக்கீக, தண்ணியாச்சும் குடிங்க."

வாங்கினேன். அண்ணாந்து மடமடவென்று குடித்துத் தீர்த்தேன்.

இம்ரான் தலையில் கை வைத்துக்கொண்டான். கயல் துண்டை எடுத்துவிட்டாள்.

"அப்பா! ஏம்ப்பா குடிச்சீங்க? நீங்க அவுட்!"

அவள் முகம் விழுந்துவிட்டது. நான் வெளியே போவதில் அவளுக்கு வருத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்படவா கவலைப்படவா என்று புரியாமல், தண்ணீர் கணக்கில் சேராது, சோறுதான் கணக்கு என்று வாதாடினேன். புத்தகத்தில் குடிப்பதும் சேரும் என்று போட்டிருந்தது. ஊர் வழக்கம் வேறு என்றேன். "சரி, அத்தைகிட்ட கேக்கலாம்" என்று கயல் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சீரியல் ஓடுது, சீக்கிரம் சொல்லு" என்றாள் அக்கா.

கயல் விஷயத்தைச் சொன்னாள்.

"எந்த வீட்டுல குடிச்சான்?"

"சமயநல்லூர்ப் பெரிய வீடு. நீங்க சொன்னீங்கள்ல, அந்த வீடு."

சீரியல் சத்தம் நின்றது. டிவியை அணைத்துவிட்டாள் போல.

"செம்பக் கையில குடுத்தியா, மேல இருந்து ஊத்துனியா?"

"கைலதான் குடுத்தேன். ஏன் அத்தை?"

"உங்க தாத்தா அந்த வீட்டுலதான் காலமெல்லாம் பண்ண வேல பாத்தாரு. தாகமா இருக்குன்னா கொல்லப்பக்கம் நின்னு, ரெண்டு கையவும் சேத்து ஏந்தணும். மேல இருந்து ஊத்துவாக. செம்பத் தொட விட்டதில்ல. உங்கப்பனும் சின்னதுல அவரு கூடப் போயி அப்பிடிக் குடிச்சவந்தான். சொல்லலையா?"

சொல்லவில்லை. நான் கயலுக்குச் சொன்ன மதுரையில் வைகை நிரம்பி ஓடியது, யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. பிள்ளை தலை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு ஊரைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தட்டிக் கழிப்பதில் கரை கண்டவன் என்று பீற்றினேனே, பிஸ்கட்டைத் தட்டிக் கழிக்க முடிந்தது. அந்த வீட்டுச் செம்பு என் கைக்கு வந்தபோது முடியவில்லை. விளையாட்டு என்று தெரிந்தும் முடியவில்லை.

கயல் அதை ஹன்னாவுக்கும் இம்ரானுக்கும் மெதுவாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, உள்ளங்கைகளைச் சேர்த்து ஏந்திக்காட்டினாள்.

"இப்படியாப்பா?"

"ஆமா."

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீக? தீர்ப்பு வேணுமா வேணாமா?"

"சொல்லுங்க அத்தை."

"குடிச்சது குடிச்சதுதான். கட்டுப்பட்டாகணும். ஆனா அந்த வீட்டுக்காரனுக்கு என்னத்துக்குக் கட்டுப்படணும்? அவன் எங்க குடுத்தான்? கையில குடுத்தது நீயி. ஒனக்குத்தான் கட்டுப்படணும்."

புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. ஹன்னா பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதிராகவும் ஒன்றும் இல்லை என்றாள். இம்ரான் மேசையைத் தட்டி ஆமோதித்தான். கயல் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள், போடவில்லை.

"அப்ப நான் சொல்றதெல்லாம் கேக்கணும்."

"கேக்கறேன்."

"ஆவணில என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

போனில் அக்கா கத்தினாள்: "என்னடா சொல்றா? சரியாக் கேக்கல!"

"வாராளாம்க்கா."

"அப்பிடிச் சொல்லு! நாளைக்கே போயி நாள் குறிச்சிர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் கயல், இப்போது பழைய குறும்போடு. "பஸ்லதான் போகணும். நீங்க தேவதை. கம்பியத் தொடக் கூடாது."

6

கல்யாணம் நன்றாக நடந்தது. தாய்மாமன் சீரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, பக்கத்தில் நடந்த கயல் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். வைகையையும் பார்த்தாள். அன்றைக்குக் கிரிக்கெட்டில் இவளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சமயநல்லூர் வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாதி இடிந்து கிடக்கிறது. முன்பக்கத்தை ஒரு செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். குளிர்பெட்டியில் தண்ணீர் பாட்டில் இருந்தது. யார் கேட்டாலும் கையில்தான் கொடுக்கிறார்கள். கயல் ஒன்று வாங்கி எனக்குக் கொடுத்தாள், குடித்தேன்.

நான் சொல்ல வந்தது அங்கே போகும்போது பஸ்ஸில் நடந்தது. மதுரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். நல்ல கூட்டம். திண்டுக்கல் ரோட்டில் டிரைவர் விரட்டிக்கொண்டு போகிறார். நான் இரண்டு கையையும் தொங்கவிட்டு, சொன்ன சொல் தவறாமல், நடுவில் நிற்கிறேன். ஒரு திருப்பத்தில் ஒரு அம்மாவின் கூடை மேல் சாய்ந்து திட்டு வாங்கினேன். அடுத்ததில் ஒரு பெரியவரின் மடியில் போய் உட்கார்ந்தேன். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தோளில் பை, விரலிடுக்கில் டிக்கெட், நான் ஆசைப்பட்ட அதே ஆள்.

"யோவ், இம்புட்டுக் கம்பி இருக்குல்ல? பிடிய்யா! விழுந்து தொலச்சா யாரு பதில் சொல்றது?"

நான் என்ன சொல்வது? தேவதை பொய் சொல்லக் கூடாது. பக்கத்திலிருந்து கயல் சொன்னாள்:

"அவரு கம்பியப் பிடிக்க மாட்டாருண்ணே."

"பெறகு என்னத்தப் பிடிப்பாரு?"

"என்னையப் பிடிச்சுக்கிருவாரு" என்று அவள் தோளைக் காட்டினாள்.

பிடித்துக்கொண்டேன். சமயநல்லூர் வரும்வரை நான் விழவில்லை.